லேபிளில் ஏறிய புகை

இரு, பாட்டிலை இன்னும் திறக்காதே. முதல்ல கையைக் கழுவிட்டு வா. அதோ, அந்த மூலைக் குழாய். சோப்புப் போடாதே, வெறும் தண்ணி போதும். என்ன க்ரீம் தடவிட்டு வந்திருக்க? நீ கதவைத் தட்டறதுக்கு முன்னாலயே ரோஜாப்பூ உள்ள வந்து உக்காந்துடுச்சு. உணவுச் சோதனைக்கூடத்துல, வாசனை பாக்கற அறைக்கு வாசனையோட வந்து நிக்கற. கல்யாண வீட்டுக்கா வந்த?

துடைக்காதே, உதறிக்கோ. அந்தத் துண்டுல யார் வீட்டு சோப்பு வாசனை இருக்கோ. ம், இப்ப உக்காரு.

என்னது, அக்காவா? வேண்டாம். அவரை விட்டுட்டு வந்த பொண்டாட்டி நான். அவர்கிட்ட வந்து சேர்ந்த பொண்டாட்டி நீ. இந்த உறவுக்கு இதுவரைக்கும் யாரும் பேர் வைக்கல, நீயா ஒண்ணு வைக்காதே. மேடமும் வேண்டாம், அது வாசல்ல நிக்கற காவலாளி கூப்பிடறது. ஒண்ணும் கூப்பிடாம விஷயத்தைச் சொன்னா போதும். போன்ல நீ அழுதுட்டே சொன்னதுல பாதி புரியல, மீதி முன்னும் பின்னுமா இருந்துச்சு. நான் ஒழுங்கா அடுக்கிச் சொல்றேன், தப்பிருந்தா நிறுத்து.

உங்க பியர் கூடத்துல ஸ்காட்லாந்து முறையில ஏல்னு ஒரு பியர் காய்ச்சியிருக்கீங்க. கீங்க என்ன கீங்க, காய்ச்சினது நீ ஒருத்திதான். அவர் பக்கத்துல நின்னு பேசியிருப்பார். டேங்க்லேர்ந்து முதல் கிளாஸ் பிடிச்சதும், வேலை செய்யறவங்க அத்தனை பேர் முன்னாலயும் அதை உன் கையில கொடுத்து, என்ன தெரியுது, நீ முதல்ல சொல்லு பாக்கலாம்னு கேட்டிருக்கார். நீ பயத்துல, லேசாப் புகை மாதிரி இருக்குன்னு உளறியிருக்க. உடனே அவர் வாங்கி, கண்ணை மூடி, ஒரு வாய் உறிஞ்சி, ஆஹா, புகைன்னுட்டார். கையோட லேபிளும் அச்சாயிடுச்சு. புகை மணக்கும் ஏல். இப்ப அதே ஏலை நீ எத்தனை தடவை மோந்து பாத்தாலும் புகையைக் காணோம். அதைச் சொன்னதுக்கு, உனக்கு மூக்கே கிடையாது, நாளைக்கு ஹோட்டல்காரங்க வந்து ருசி பாத்துட்டுப் போனதும் நீ கொப்பரைப் பக்கமே வராதே, லேபிள் ஒட்டற மேஜைக்குப் போயிடுன்னு சொல்லிட்டார். உனக்கோ காய்ச்சறதை விட்டா வேற உயிர் இல்ல. அதனால, மூக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க இங்க வந்து நிக்கற. சரிதானே?

தலையாட்டினா போதாது, வாயைத் திறந்து சொல்லு. ம்.

ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னான்னு சொந்த மூக்கைக் கழட்டிப் பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்க, ரிப்பேருக்குக் கொடுக்கற கடிகாரம் மாதிரி. நல்லா இருக்கு.

கொடு பாட்டிலை. அடிப்பாவி, இதென்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு? ஐஸ்ல புதைச்சுக் கொண்டுவந்தியா? அவர் சொன்னாரா? சொல்லுவார். பியர்னா பல்லு கூசணும்னு நினைக்கற கூட்டத்துக்குத் தலைவர் அவர். இந்த ஏல் சோடா இல்லம்மா, வெயில்ல அலைஞ்சுட்டு வந்து மடக்குன்னு குடிக்க. குளிர்ல இது வாயையே திறக்காது. நிழலான அறையில மண்தரை எவ்வளவு குளிர்ச்சியா இருக்குமோ அவ்வளவு போதும். கிளாஸ்ல ஊத்தறேன், ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கோ. ஆட்டாதே. குழந்தையா அது, தூங்க வைக்க? சும்மா பிடி. அது இளகற வரைக்கும் நான் பேசறேன். எனக்கும் உங்க வீட்டைப் பத்திப் பேச ஆள் கிடைச்சு ரொம்ப நாளாச்சு.

ஸ்காட்லாந்துன்னு காதுல விழுந்ததும் எல்லாருக்கும் விஸ்கி ஞாபகம் வந்துடுது. விஸ்கின்னதும் புகை. அப்புறமென்ன, அதே ஊர் ஏல், அதுலயும் புகை இருந்தே தீரணும். புகையூட்டின மால்ட்டை, அதான் முளைகட்டிக் காயவச்ச பார்லியை, வாங்கி அள்ளி அள்ளிப் போடறானுங்க. குடிச்சா, எரிஞ்ச குப்பைமேட்டை நக்கின மாதிரி இருக்கும். அதையும் கண்ணை மூடி ரசிக்க ஒரு கூட்டம் இருக்கு. விஸ்கியும் ஏலும் ஒரே ஊர்னா ஒரே குணமா இருக்கணுமா? நீயும் நானும் ஒரே வீட்டுல வாழ்க்கைப்பட்டவங்கதான், ஒரே மாதிரியா இருக்கோம்?

சிரிக்காதே, கிளாஸ் ஆடுது.

நீ போடல, தெரியும். போட்டிருந்தா இந்நேரம் இந்த அறை பூரா சொல்லியிருக்கும். ஆனா அவர் எப்படிப் புகையைக் கண்டுபிடிச்சார்னுதானே கேக்கற? கேட்டுட்டே இருக்க, காதுல விழாம இல்ல. அதுக்கு வர்றேன். வரிசைன்னு ஒண்ணு இருக்கு.

உங்க கூடத்து வாசல்ல அந்த போட்டோ இன்னும் மாட்டியிருக்கா? அதான், அவர் சாக்கடை ஓரமா நெஞ்சை நிமித்திட்டு நிக்க, ஒரு டேங்க் பியரும் நுரையோட ஓடுமே, அது. பேப்பர்ல கூட வந்துது. பியர்ல வரக் கூடாத பச்சை ஆப்பிள் வாசனை ஒரு துளி வந்ததுக்காக முழு டேங்க்கையும் கொட்டின மனுஷன். நீயும் அந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான் அங்க வேலைக்குச் சேர்ந்தியாம், உன் குரல்லயே பக்தி வழியுது. தொழில்ல இருக்கற அத்தனை பேரும் அவரை மூக்குன்னுதான் கூப்பிடறாங்க. மூக்கு வந்துட்டாரு, மூக்கு என்ன சொல்றாரு, மூக்கு சொன்னா சரியா இருக்கும். ஆளுக்குப் பேரே மறந்துபோச்சு.

அந்த மூக்கோட நான் குடித்தனம் பண்ணினவ. பால் திரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சுட்டுப் போவார். நான் எவ்வளவு பெரிய மனசு, பொண்டாட்டி மனசு நோகக் கூடாதுன்னு குடிக்கறாரேன்னு உருகிப்போவேன். ஒரு நாள் அடுப்புல வச்சதை மறந்துட்டு மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். பாத்திரம் அடிப்பிடிச்சு, தெருமுனை வரைக்கும் நாத்தம். எதிர்வீட்டுக்காரம்மா ஓடி வந்து கதவைத் தட்டறாங்க. இவர் சமையலறைக்கு முதுகைக் காட்டிட்டு, காலை நீட்டிட்டு, பேப்பர் படிச்சுட்டு இருந்தார். ஏங்க, தெரியலையான்னு கேட்டா, உன் சமையல்ல நான் தலையிடறதில்லங்கறார். இதையும் நான் பெருமையாத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன், என் கூடப் பிறந்தவகிட்ட. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. கல்யாணமான புதுசுல பொம்பளைங்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு முட்டாள்தனம் வருதோ.

உனக்கும் நடந்திருக்கா? சொல்லாதே. உன் வீட்டுக் கதை எனக்கு வேண்டாம். உன் முகமே சொல்லிடுச்சு.

சரி, கிளாஸைக் கொடு. இப்ப பரவாயில்ல.

நிறம் நல்லா இருக்கு. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு வெயில்ல கவுத்தா இப்படித்தான் இருக்கும். தெளிவாவும் இருக்கு, கிளாஸ் வழியா அந்தப் பக்கம் இருக்கற எழுத்தைப் படிக்கலாம். நுரை அடக்கமா நிக்குது. நுரைங்கறது தொப்பி மாதிரி இருக்கணும், உங்க வீட்டுக்காரர் ஊத்தற மாதிரி தலைப்பாகை மாதிரி இருக்கக் கூடாது.

பேசாதே, மோந்து பாக்கறேன்.

ம்.

ரொட்டியோட ஓரம். நடுவுல இருக்கற மெத்து இல்ல, பழுப்பா மொறுமொறுன்னு இருக்குமே, அந்த ஓரம். அதுக்குப் பின்னால பாகு. சர்க்கரைப் பாகு கருகறதுக்கு ஒரு நொடி இருக்கறப்ப அடுப்பை அணைச்சா வர்ற வாசனை. அந்த நொடியைப் பிடிக்கறதுதான் கஷ்டம். அணைக்கத் தெரியாதவன்தான் உலகத்துல அதிகம். கசப்புக்குப் போடற பூ இருக்கே, ஹாப்ஸ், அது கதவுக்கு வெளியிலயே நிக்குது, உள்ள வரல. இந்த ஏலுக்கு அதான் மரியாதை.

ருசி பாக்கறேன். கொஞ்சம் பொறு.

நீ மால்ட்டை ஊறவச்சதும் முதல்ல வடியற கெட்டிச் சாறைத் தனியா எடுத்து, அகலமான பாத்திரத்துல, சின்னத் தீயில பாதியாகற வரைக்கும் சுண்டவிட்டுத் திரும்பக் கொப்பரையில ஊத்தியிருக்க. இல்லேங்காதே. இந்தப் பாகு மால்ட்லேர்ந்து மட்டும் வராது, உக்காந்து கிண்டினவ கையிலேர்ந்துதான் வரும். யார் சொல்லிக் கொடுத்தா? அவரா? அவருக்குக் கல்லுல ஊத்தின தோசையைத் திருப்பற வரைக்கும் பொறுமை கிடையாது. நீயாவா? நீயா யோசிச்சுப் பண்ணினியா?

அவர் பக்கத்துல நின்னு, எரிவாயு வீணாகுதுன்னு கத்தியிருப்பாரே. கத்தினாரா! பாத்தியா, நான் அங்க இல்லாமலே எனக்குக் கேக்குது.

ரொம்பப் பெருமைப்படாதே, குத்தம் இருக்கு. கடைசில நாக்கு ஓரத்துல வெண்ணெய் ஒட்டுது. தெரியுதா? தெரியும்னு நினைச்சேன். இதைக் குளிர்ச்சியா, நிதானமாப் புளிக்கவிட்டது சரி. ஆனா முடிவுல இன்னும் கொஞ்ச நாள் டேங்க்லயே விட்டிருந்தா, அந்த வெண்ணெயை ஈஸ்ட்டே தின்னு தீத்திருக்கும். அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சுட்டீங்க. ஹோட்டல்காரர் தேதி சொல்லிட்டாரா? தேதி சொன்னா ஈஸ்ட் கேக்குமா? அது யார் வீட்டு வேலைக்காரி? நீ அவர்கிட்ட வெண்ணெய் வாசனை வருதுன்னு சொன்னியா? என்ன சொன்னார்?

வெண்ணெய்னா நல்லதுதானேன்னாரா? கடவுளே. இரு, சிரிச்சு முடிச்சுக்கறேன். இதை நான் இங்க பால் பவுடர் பாக்கற பொண்ணுகிட்ட சொல்லணும்.

கடைசில தொண்டை லேசா வறளுதே, அது நீ போட்ட வறுத்த பார்லி. ஒரு பிடிதான் போட்டிருப்ப, அளவு சரி. அது இல்லேன்னா இது வெறும் பாயசம். பயந்துபோன ஒருத்தி ஜில்லுன்னு இருக்கற கிளாஸ்ல, பத்துப் பேர் பாத்துட்டு நிக்கறப்ப, அந்த வறுவலை மோந்தா புகைன்னுதான் வாயில வரும். அன்னிக்கு நீ சொன்னது பொய் இல்ல, அரைகுறை. அரைகுறையை அச்சடிச்சது அவர்.

இப்ப எழுந்து அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உக்காரு. முதுகு காட்டி. மூணு கறுப்புக் கிளாஸ் தருவேன், நிறம் தெரியாது. ரெண்டுல உன் ஏல், ஒண்ணுல உன் ஏலோட ஒரு சொட்டுப் புகைத்தண்ணி. எதுன்னு சொல்லணும். உன் மூக்கைப் பத்தி உன் புருஷன் சொல்றதும் சாட்சி இல்ல, நான் சொல்றதும் சாட்சி இல்ல. இதான் சாட்சி. வாய் கொப்பளிச்சியா? இந்த பிஸ்கெட்டைக் கடி. உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல, மாமியார் வார்த்தை மாதிரி இருக்கும், ஆனா நாக்கைத் துடைச்சுடும்.

இந்தா.

நடுவுல இருக்கறதா? உறுதியாவா? சரி. எப்படி வாசனை? ஈரத்துணியைத் தீயில காட்டின மாதிரியா. ம். துள்ளாதே. பூனை கூடக் கண்டுபிடிக்கும். இப்ப சொட்டைப் பாதியாக் குறைக்கறேன்.

இந்தா.

இடது பக்கம். ம். சும்மா இரு, சரியான்னு கேட்டா சொல்லமாட்டேன். இன்னொண்ணு. கடைசி. இது கஷ்டம், நிதானமாப் பாரு.

என்ன முழிக்கற? திரும்ப மோந்து பாரு. வேணும்னா தண்ணி குடி.

எது? கேக்கல, சத்தமாச் சொல்லு.

மூணும் ஒண்ணா? ஒண்ணுலயும் புகை இல்லையா? நல்லா யோசிச்சியா? நான் ஒண்ணுல போட்டேன்னு சொன்னா? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தலையாட்டற பொண்ணாச்சே நீ. நான் போட்டிருக்கேங்கறேன், நீ இல்லேங்கறியா?

இல்லேங்கற.

சரி, இந்தப் பக்கம் வா. உக்காரு.

நான் போடல. மூணும் உன் ஏல்தான். இங்க சம்பளம் வாங்கறவங்க பாதிப் பேர் இந்த மூணாவதுல விழுந்துடுவாங்க. கேள்வி கேட்டாச்சு, ஏதோ ஒண்ணு இருக்கணும்னு நினைச்சு ஒரு கிளாஸைத் தூக்கிக் காட்டுவாங்க. இல்லாததை இல்லேன்னு சொல்றதுதான் மூக்கு. இருக்கறதைச் சொல்ல யாராலயும் முடியும்.

உன் மூக்குக்கு ஒரு கேடும் இல்ல. வாய்தான் கோளாறு. என்கிட்ட இப்ப இல்லேன்னு சொன்னியே, அதை வீட்ல சொல்லத் தெரியல. அழகா கழுத்தை ஆட்டிட்டு லேபிள் மேஜைக்குப் போக இருந்த. ஏல் காய்ச்ச அவ்வளவு பொறுமை இருந்தவளுக்கு, மனுஷனைக் கவனிச்சுப் பாக்கப் பொறுமை இல்ல.

நாளைக்கு என்ன பண்ணணும்னு சொல்றேன், கேட்டுக்கோ. ஹோட்டல்லேர்ந்து வர்றவர் சமையல் தலைவர்னு சொன்ன. அவருக்குப் பிழைப்பே மூக்கும் நாக்கும்தான். அதனால பாட்டில்களை இப்பவே ஐஸ்லேர்ந்து வெளியில எடுத்து வை. ஊத்தறது நீ ஊத்து. உங்க வீட்டுக்காரர் வழக்கம்போல கிளாஸை உன்கிட்ட நீட்டி, நீ முதல்ல சொல்லு பாக்கலாம்பார். சொல்லாதே. பிஸ்கெட்டைக் கடி. தண்ணியைக் குடி. இருமலாவது வரட்டும். நீங்களே சொல்லுங்கன்னு பணிவாச் சொல்லிட்டு வாயை மூடிக்கோ. அவர் கண்ணை மூடிட்டு நிப்பார். நிக்கட்டும். நீ பதில் சொல்ற வரைக்கும் அந்தக் கண்ணு திறக்காது, பாத்துக்கோ. அப்புறம் அந்தச் சமையல்காரர் புகை எங்கன்னு கேப்பார். காய்ச்சினவ நான், இதுல புகை போடல, இந்த ஏலுக்குப் புகை கிடையாது, லேபிள் தப்பு, வெண்ணெய் வாசனை என் அவசரம்னு நேராச் சொல்லு. அவ்வளவுதான். அஞ்சு வாக்கியம். நடுவுல மன்னிச்சுக்கோங்கன்னு சேத்துக்காதே.

பாட்டில்ல மீதி இருக்கறது இங்க இருக்கட்டும். சோதனைக்குத்தான். என்ன சோதனையா? எனக்கு வேலை முடிஞ்சதும் பண்ற சோதனை. கேக்காதே.

அவருக்கு அவமானமாயிடுமேன்னு யோசிக்கற. யோசி, யோசி. உன்னை வேலைக்காரங்க முன்னால நிக்கவச்சு மூக்கில்லாதவன்னு சொன்னப்ப அவர் எவ்வளவு யோசிச்சார்?

ஆமா, அந்தக் கேள்விக்கு வர்றேன்னு சொன்னேன் இல்ல. இல்லாத புகை அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது. பையை எடுத்துக்கோ, நடந்துட்டே சொல்றேன், சாப்பாட்டு நேரம் முடியப் போகுது.

அந்த போட்டோவுல ஓரமா ஒரு பொம்பளைக் கை தெரியும், வாளியைப் பிடிச்சுட்டு. கவனிச்சதில்லையா? அது என் கை. அந்த டேங்க் நான் காய்ச்சினது. நான் காய்ச்சினதுலயே நல்லா வந்தது அதுதான். இதே முறை ஏல். அதுல பச்சை ஆப்பிளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. திரிஞ்ச பால், தீஞ்ச பாத்திரம், எப்பப் பாத்தாலும் நீ முதல்ல சொல்லு, எல்லாத்தையும் அடுக்கிப் பாத்தேன். அடுக்கினா ஒண்ணுதான் வந்துது. சரி, சொல்லித்தான் பாப்போமேன்னு, பச்சை ஆப்பிள் வாசனை வருதுங்கன்னேன். வாங்கினார். கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். ஆமா, ஆப்பிள், கொட்டுங்கன்னார். நான் தடுக்கல. கடைசிச் சொட்டு போற வரைக்கும் வாளியோட நின்னு பாத்துட்டு, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

அவருக்கு வாசனையே தெரியாதும்மா. ஒரு காய்ச்சல்ல போயிருக்கணும், அப்புறம் திரும்ப வரல. அதுக்கு முன்னால நல்ல மூக்குதான், பொய் சொல்லக் கூடாது. என்கிட்ட சொல்லியிருந்தா காலம் பூரா நானே மோந்து சொல்லியிருப்பேன், ஒருத்தருக்கும் தெரியாம. சொல்லல. எனக்குத்தான் மூக்கு மழுங்கிடுச்சுன்னு ஊர் பூரா சொன்னார். நான் வெளியில சொல்லியிருந்தா? விட்டுட்டுப் போனவ வயித்தெரிச்சல்ல பேசறான்னு உன்னை மாதிரி பக்தருங்க சிரிச்சிருப்பீங்க.

என்ன அப்படியே நிக்கற? கதவைப் பிடி, அது தானா சாத்திக்கும்.

என்னது? அக்காவா? சரி, போனாப் போகுது.

ஐயே, இங்க நின்னு அழாதே. அழுதா மூக்கு அடைச்சுக்கும். நாளைக்கு அந்த வீட்டுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்.